கணினி எழும்போது பிணையச் சேவைகள் தோற்பது ஏன்?

கணினியை இயக்கியதும் இயங்குதளம் பல சேவைகளைத் தானாகவே தொடங்கி வைக்கிறது. வலை வழங்கி, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், வேறொரு கணினியின் அடைவை இங்கே இணைத்துத் தரும் என்எஃப்எஸ் ஆகியவை பிணையத்தை, அதாவது நெட்வொர்க்கை, நம்பியிருப்பவை. பிணைய இணைப்பு அமைவதற்கு முன்பே இவை தொடங்கினால், வேண்டிய முகவரி கிடைக்காமல் பிழை காட்டி நின்றுவிடும். இணைப்பு பிறகு வந்தாலும் பல சேவைகள் தாமாக எழுவதில்லை. கையால் தொடங்கினால் ஒழுங்காக ஓடும். மறுநாள் கணினியைப் போட்டால் மீண்டும் தோற்கும். இதுவே இக்கோளாறின் அடையாளம்.

ஓய்வுபெற்றபின் நான் உதவிக்குச் சென்றுவந்த ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தில் இதை நேரில் கண்டேன். பாடக் காணொளிகளை மற்றக் கணினிகளுக்கு வழங்க லினக்ஸ் பொருத்திய ஒரு கணினி இருந்தது. பழைய வன்தட்டு எழுந்து வர இரண்டு நிமிடம் ஆகும். ஒருவர் அன்பளிப்பாக எஸ்எஸ்டி வாங்கித் தந்தார். கணினி இருபது நொடியில் எழுந்தது. அன்றிலிருந்துதான் தொல்லை. மின்தடைக்குப் பின் மின்சாரம் வரும்போதெல்லாம் காணொளிகள் வராது. வகுப்பின் பாதி நேரம் அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். புதிய தட்டில்தான் குறை என்று எல்லோரும் நினைத்தோம். உண்மையில், முகவரியை வழங்கும் ரவுட்டர் எழுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பழைய தட்டின் மந்தம் அதுவரை அந்தக் குறையை மறைத்து வைத்திருந்தது.

இணைப்பு என்பது ஒரே நொடியில் நிகழ்வதன்று

கம்பியின் மறுமுனையில் ஸ்விட்ச் உயிர்பெற வேண்டும். பிறகு டிஹெச்சிபி வழியாக முகவரி கிடைக்க வேண்டும். அதன்பின் வெளியே செல்லும் வழியும் பெயர்களை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வழங்கியும் தெரிய வேண்டும். அலுவலகங்களில் உள்ள சில ஸ்விட்சுகள் சுழற்சியைத் தடுக்கும் எஸ்டிபி முறையின்படி, கம்பி இணைந்த பிறகும் 30 நொடி வரை தரவுகளை விடாமல் நிறுத்தி வைக்கும். விளக்கு எரிவதைப் பார்த்து இணைப்பு வந்துவிட்டது என்று நம்பக் கூடாது. முகவரியை நாமே நிலையாகக் கொடுத்திருந்தாலும், கம்பியில் உயிர் வரும்வரை பிணைய மேலாளர் நிரல்கள் பெரும்பாலும் அதைப் பொருத்துவதில்லை.

பழைய லினக்ஸ் அமைப்புகளில் சிஸ்-வி இனிட் என்ற முறை இருந்தது. எண் வரிசைப்படி ஒன்று முடிந்தபின் அடுத்தது தொடங்கும். பல அமைப்புகளில் முகவரி கிடைக்கும்வரை பின்னால் உள்ளவை காத்து நிற்கும். மெதுவானது, ஆனால் வரிசை குலையாது. 2010-இல் லெனார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் வெளியிட்ட சிஸ்டம்டி, சேவைகளை ஒரே நேரத்தில் இணையாகத் தொடங்கியது. 2011-இல் ஃபெடோரா 15-உம், 2015-இல் டெபியன் 8-உம் உபுண்டு 15.04-உம் அதை இயல்பாக ஏற்றன.

பெயரால் வரும் குழப்பம்

சிஸ்டம்டியில் 'நெட்வொர்க்.டார்கெட்' என்ற ஒரு கட்டம் உண்டு. பெயரைக் கேட்டால் பிணையம் தயார் என்று தோன்றும். பிணையத்தை நிர்வகிக்கும் நிரல் தொடங்கிவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். முகவரி வந்ததா என்று அது பார்ப்பதில்லை. உண்மையில் காத்திருக்கும் கட்டம் 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்'. நம் சேவை அதற்குப் பின் தொடங்க வேண்டுமானால், சேவையின் அமைப்புக் கோப்பில் அப்பெயரை 'ஆஃப்டர்' வரியிலும் எழுத வேண்டும், 'வான்ட்ஸ்' வரியிலும் எழுத வேண்டும். ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்கிறது. அந்தக் கட்டத்தை அழைத்து வருவது வான்ட்ஸ். முதலாவதை எழுதி இரண்டாவதை விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. நானும் செய்தேன். கோப்பில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளையால் எழுதினால், மேம்படுத்தும்போது அழியாது.

ஆனால் இந்தக் காத்திருப்புக்கும் எல்லை உண்டு. சிஸ்டம்டி-நெட்வொர்க்டியில் அது இயல்பாக 120 நொடி. எல்லை கடந்தால் காத்திருப்பு தோற்றதாகக் குறிக்கப்படும். வான்ட்ஸ் என்பது கட்டாயமன்று என்பதால் சேவை அப்படியும் தொடங்கும், தோற்கும். கம்பியே செருகாத கணினியில் இந்தக் காத்திருப்பால் எழும் நேரம் வீணாக நீளும். 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின்' கட்டளை எது எதற்காகக் காத்தது என்று காட்டும்.

இன்னொரு வழி, சேவையே பொறுமையாக நடந்துகொள்வது. எங்கள் வலை வழங்கி 192.168.1.10 என்ற குறிப்பிட்ட முகவரியில் மட்டும் செவிமடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்த முகவரி கணினிக்கு இன்னும் வராத நிலையில் லினக்ஸ் 99 என்ற எண்ணுள்ள பிழையைத் தரும்: கேட்ட முகவரியை ஒதுக்க இயலாது என்பது அதன் பொருள். எல்லா முகவரியையும் குறிக்கும் 0.0.0.0 என்று எழுதினால் இப்பிழை எழாது. அப்போது வேண்டாத பக்கத்திலிருந்தும் நுழையலாம் என்பதால் ஃபயர்வால் தேவைப்படும்.

தோற்றால் மீண்டும் முயலச் சொல்லும் 'ரீஸ்டார்ட்' வரியும் உண்டு. அதிலும் ஒரு பொறி. இயல்பாக சிஸ்டம்டி பத்தில் ஒரு நொடி இடைவெளியில் மறுபடி முயலும். 10 நொடிக்குள் 5 முறை தொடங்கியாயிற்று என்றால் கைவிட்டுவிடும். ஓரிரு நொடியில் ஐந்து வாய்ப்பும் தீர்ந்துபோகும், ரவுட்டரோ அப்போதுதான் கண்விழிக்கும். 'ரீஸ்டார்ட்செக்' வரியில் 10 என்று கொடுத்தால் முயற்சிகள் விலகி நிற்கும், அந்த எண்ணிக்கை எல்லையில் சிக்காது.

எஸ்எஸ்ஹெச் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதைக் குறிப்பிட்ட ஒரு முகவரிக்கு மட்டும் கட்டி வைத்து, முகவரி வராமல் தோற்றால், அது 255 என்ற எண்ணுடன் வெளியேறும். டெபியன், உபுண்டு அமைப்புகளின் கோப்பில் அந்த எண்ணுடன் வெளியேறினால் மறுபடி தொடங்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. தொலைவில் இருக்கும் கணினியைச் சரிசெய்ய நுழையும் கதவே பூட்டிக்கொள்ளும். யாராவது பேருந்து ஏறித்தான் போக வேண்டும்.

என்எஃப்எஸ் அடைவுகளுக்கு, எஃப்எஸ்டேப் கோப்பில் '_நெட்டெவ்' என்ற குறிப்பைச் சேர்த்தால் இது பிணையத்தை நம்பியது என்று சிஸ்டம்டி அறிந்துகொள்ளும். விண்டோஸிலும் இதே சிக்கல் உண்டு. விஸ்டா முதல் சேவைகளுக்குத் தாமதத் தொடக்கம் என்ற தேர்வு வந்தது, அது இயல்பாக 120 நொடி தள்ளிவைக்கும்.

சரிசெய்தபின் சோதிக்கும்போது கணினியை மட்டும் மறுதொடக்கம் செய்வது போதாது. ரவுட்டர் ஏற்கெனவே விழித்திருப்பதால் எல்லாம் நலம்போலத் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் நான் முதலில் ஏமாந்தது அப்படித்தான். முதலில் கணினியை முறைப்படி அணைத்துவிட்டு, ரவுட்டர், ஸ்விட்ச், கணினி எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பொத்தானை நிறுத்தி, சற்றுப் பொறுத்து, எல்லாம் ஒன்றாகவே எழும்படி போட வேண்டும். பிறகு 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் அந்தத் தொடக்கத்துக்குரிய பதிவை மட்டும் எடுத்து, சேவை எத்தனையாவது முயற்சியில் எழுந்தது என்று பார்க்கலாம். எங்களுடையது எட்டாவது முயற்சியில் எழுந்தது.