வெற்றிலை போட்டவர் அரை மணி பொறுக்கணும்

கொரோனா காலத்தில் கட்டுமாவடி போன்ற கடலோர ஊர்களில் பரிசோதனை என்றாலே மூக்குக் குச்சிதான். பயிற்சி பெற்ற ஒருவர் பஞ்சுக்குச்சியை மூக்கின் உட்கோடிவரை விட்டுச் சுழற்றி எடுப்பார். கண்ணில் நீர் முட்டும். பிறகு அந்த மாதிரி ஆய்வகம் உள்ள ஊருக்குக் குளிர்பெட்டியில் போய்ச் சேர வேண்டும்.

எச்சிலுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. குப்பியில் துப்பினால் போதும். சிக்கல் துப்பிய பிறகுதான் தொடங்குகிறது.

உமிழ்நீரில் மியூசின் என்னும் வழவழப்பான புரதம் உண்டு. அளந்து எடுக்கப் பார்த்தால் நூலாக இழுபடும். சோதனைப் பட்டையின் நுண்துளைகளை அடைக்கும். வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளும் அதில் இருக்கின்றன. சோற்றுத் துணுக்கு, வெற்றிலைச் சாறு, புகையிலை வேறு. அதனால்தான் எச்சில் தருவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே எதையும் தின்னவோ குடிக்கவோ மெல்லவோ கூடாது என்கிறார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘சலைவா டைரக்ட்’ முறைக்கு 2020 ஆகஸ்டில் அவசரகால அனுமதி கிடைத்தது. எச்சிலில் ஒரு நொதியைக் கலந்து சூடாக்குவார்கள், கொழகொழப்பு இளகும். ஆர்.என்.ஏ.வைத் தனியே பிரித்தெடுக்காமல் நேராக பி.சி.ஆர். கருவிக்கு அனுப்பிவிடலாம்.

நாக்பூரின் ‘நீரி’ ஆய்வகத்தில் கிருஷ்ணா கைர்னார் குழு வேறு வழி பிடித்தது. குப்பியிலுள்ள உப்புக் கரைசலால் வாயைக் கொப்பளித்து, தொண்டையிலும் கரகரத்து, அதே குப்பியில் துப்ப வேண்டும். ஆய்வகத்தில் அதைச் சூடாக்கிச் சோதித்தால் மூன்று மணி நேரத்தில் முடிவு. 2021 மே மாதம் ஐ.சி.எம்.ஆர். இதற்கு ஒப்புதல் தந்தது.

இரண்டுக்கும் பி.சி.ஆர். கருவி வேண்டும். கருவியே இல்லாமல் முடிவு சொல்வது பட்டைச் சோதனை. கர்ப்பம் பார்க்கும் பட்டையைப் போலவே இதிலும் கோடு விழும். ஆனால் பி.சி.ஆர். வைரஸின் மரபுப்பொருளைப் பல கோடி மடங்கு பெருக்கிப் பார்க்கும். பட்டை உள்ளதை மட்டுமே பார்க்கும். எச்சிலில் வைரஸ் குறைவாக இருந்தால் கோடு விழாது. 2012இல் அமெரிக்கா வீட்டு உபயோகத்துக்கு அனுமதித்த ‘ஓராகுயிக்’ எச்.ஐ.வி. பட்டைச் சோதனை வைரஸைத் தேடுவதில்லை; ஈறோரம் ஒற்றி எடுத்த திரவத்தில் எதிர்ப்புப் புரதங்களைத் தேடி 20 நிமிடத்தில் சொல்லும். அதுவும் தொற்றுள்ள 12 பேரில் ஒருவரைத் தவறவிடக்கூடும் என்று அனுமதியின்போதே அறிவித்தார்கள்.

பி.சி.ஆருக்கும் பட்டைக்கும் நடுவில் ‘லேம்ப்’ முறை இருக்கிறது. பி.சி.ஆர். போல வெப்பத்தை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 65 டிகிரியில் வைத்திருந்தாலே மரபுப்பொருள் பெருகும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 2020இல், வீட்டிலிருந்தபடியே துப்பித் தந்த எச்சிலை வாரந்தோறும் இம்முறையில்தான் சோதித்தார்கள்.