படிப்பின் விலை – 14: கொடுத்த கையே வட்டி கேட்டால்…

கடந்த சில வாரங்களாக மாணவர்களின் கடனைப் பார்த்தோம். இந்த வாரம் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆசிரியரின் கடனைப் பார்ப்போம். அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதுகலைப் பட்டம் பெற்றவர்கள். அறிவுத் தாகம் மட்டும் இதற்குக் காரணமில்லை. நியூயார்க் மாநிலத்தில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்குக் கிடைப்பது தொடக்கநிலைச் சான்றிதழ்தான்; ஐந்து ஆண்டுகளுக்குள் முதுகலை முடித்தால்தான் நிலையான சான்றிதழ் கைக்கு வரும். சம்பளமும் பட்டத்தோடு பிணைந்திருக்கிறது. 1921ல் டென்வர், டி மாய்ன் ஆகிய நகரங்களில் தொடங்கிய ஒரே ஊதிய அட்டவணை முறை பிறகு நாடெங்கும் பரவியது. அந்த அட்டவணையில் மேலிருந்து கீழே பணி ஆண்டுகள், இடமிருந்து வலமாகப் பட்டங்கள். பட்டம் கூடினால் அடுத்த கட்டத்துக்கு நகரலாம். நம்மூர் ஆசிரியர்கள் அறிந்த ஊக்க ஊதிய உயர்வின் உறவுமுறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, முதுகலை என்பது பலருக்கு வேலையின் நிபந்தனை. அந்த நிபந்தனையை நிறைவேற்ற யார் பணம் தருவது? உதவிக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் உதவியை எந்த வடிவத்தில் தருகிறோம் என்பது, எவ்வளவு தருகிறோம் என்பதைவிட முக்கியம். ஆசிரியர் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத உதவி, ஒரு நாள் கடனாக வந்து வாசலில் நிற்கும். இதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் எங்கெங்கே உதவி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இளநிலை மாணவர்களுக்கு இருக்கும் பெல் கிராண்ட் முதுகலைக்குக் கிடையாது. ஆசிரியர் சான்றிதழுக்கான சில படிப்புகளுக்கு மட்டும் ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. வேலை தரும் பள்ளி மாவட்டமே கட்டணத்தில் ஒரு பங்கைக் கட்டினால், ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அந்தத் தொகைக்கு ஆசிரியர் வரி கட்ட வேண்டாம். சொந்தப் பணத்தில் படிப்பவர் வாழ்நாள் கற்றல் வரிச் சலுகையில் ஆண்டுக்கு 2,000 டாலர் வரை திரும்பப் பெறலாம். ஆனால் முதலில் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அமெரிக்க வரலாறும் அரசியலமைப்பும் கற்பிப்பவர்களுக்கு ஜேம்ஸ் மேடிசன் நினைவு நல்கை 24,000 டாலர் வரை தருகிறது. ஆண்டுக்கு ஒரு மாநிலத்துக்குச் சராசரியாக ஒருவருக்குத்தான் அது கிட்டும். கணிதம், அறிவியல் ஆசிரியர்களுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நாய்ஸ் உதவித்தொகை இருக்கிறது; அதை ஆசிரியர் நேரடியாகக் கேட்க முடியாது, அந்தத் திட்டத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் பெற முடியும். இந்த வாசல்களில் நுழைய முடியாத மற்றவர்களுக்கு ஒன்றிய அரசு வைத்திருக்கும் பெரிய வாசல் ‘டீச் கிராண்ட்’. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் அது திறக்கும். எச்-1பி விசாவில் அங்கே பாடம் நடத்தும் நம்மவர்கள் பள்ளி மாவட்டத்தையும் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவியையும்தான் நம்ப வேண்டும்.

டீச் கிராண்ட் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 4,000 டாலர், முதுகலைக்கு மொத்தம் 8,000 டாலர் என்பது சட்டம் சொல்லும் உச்சவரம்பு. ஏற்கெனவே ஆசிரியராக இருந்துகொண்டு முதுகலை படிப்பவருக்கு மதிப்பெண் தகுதியில்கூடத் தளர்வு உண்டு. பதிலுக்கு அவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்த எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள், ஏழை மாணவர்கள் அதிகம் படிக்கும் பள்ளியில், ஆள் பற்றாக்குறை உள்ள பாடத்தை முழுநேரமாகக் கற்பிக்க வேண்டும். கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி, அந்நிய மொழிகள் போன்றவை அந்தப் பட்டியலில் வரும். நான்கு ஆண்டுகள் நிறைவேறாவிட்டால் வாங்கிய தொகை முழுவதும் கடனாகிவிடும். வட்டி அன்றிலிருந்து ஓடாது. பணம் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். 8,000 டாலருக்கு 7 சதவீதம் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், ஆறு ஆண்டுகள் கழித்துக் கடனாக மாறும்போது வட்டி மட்டும் 3,360 டாலர். உதவி பெற்றதாக நினைத்துக்கொண்டிருந்தவர் ஒரு காலைப்பொழுதில் 11,360 டாலர் கடனாளியாகக் கண் விழிப்பார்.

இப்படி எத்தனை பேர் கண் விழித்தார்கள்? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2015ல் ஓர் அறிக்கை தந்தது. அதன்படி, உதவி பெற்ற 1,12,000க்கும் மேற்பட்டோரில் சுமார் 36,000 பேரின் தொகை 2014 செப்டம்பருக்குள் கடனாக மாறியிருந்தது. அவர்களில் 2,252 பேருடையது தவறுதலாக மாற்றப்பட்டது என்பதும் தெரியவந்தது. கல்வித் துறையே செய்வித்த ஓர் ஆய்வு 2018ல் வெளியானபோது படம் இன்னும் இருண்டது. 2014 ஜூலைக்கு முன் பணியைத் தொடங்கியவர்களில் 63 சதவீதத்தினரின் உதவித்தொகை கடனாகிவிட்டது. அப்படி மாறியவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தாங்கள் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டதாகவோ நிறைவேற்றும் வழியில் இருப்பதாகவோ சொன்னார்கள். அதாவது அவர்கள் வகுப்பறையில்தான் இருந்தார்கள், காகிதத்தில்தான் இல்லை. ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய சான்றுப் படிவம் சில நாள் தாமதமானது, ஒரு கையெழுத்தோ தேதியோ விடுபட்டது போன்ற காரணங்களுக்கே கடன் விழுந்ததை என்பிஆர் வானொலியின் செய்தியாளர்கள் அந்த ஆண்டு தொடர்ச்சியாக வெளியிட்டார்கள். அரசு இறங்கிவந்தது. தவறாகக் கடனான தொகைகளை மறுபரிசீலனை செய்தது. 2021 முதல், ஆண்டுச் சான்று தவறியதற்காக மட்டும் கடனாக மாற்றுவதில்லை என்று விதியைத் திருத்தியது.

கதை இத்தோடு சுபமாக முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. முடியவில்லை. படிவத்தின் கொடுமை நீங்கியது. கணக்கின் கொடுமை அப்படியே இருக்கிறது. இன்றும் நான்கு ஆண்டுகளில் மூன்றரை ஆண்டு கற்பித்துவிட்டு, எட்டாண்டுக் கெடுவுக்குள் மீதி அரை ஆண்டை முடிக்க முடியாமல் போனவரும், ஒரு நாள்கூட அந்தப் பள்ளியில் கால் வைக்காதவரும் ஒரே தட்டில் நிறுத்தப்படுகிறார்கள். இருவருக்கும் முழுக் கடன், முழு வட்டி. மகப்பேறு, நோய், ராணுவப் பணி போன்றவற்றுக்குக் கெடுவை நிறுத்திவைக்க இடமுண்டு என்பது உண்மைதான். ஆனால் கணிதத்துக்காக வேலைக்குச் சேர்ந்தவரைத் தலைமையாசிரியர் வேறு பாடத்துக்கு மாற்றினால்? துணைவரின் வேலைக்காக ஏழைப் பள்ளி இல்லாத ஊருக்குக் குடிபெயர நேர்ந்தால்? அந்த முடிவுகள் ஆசிரியரின் கையில் முழுதாக இல்லை. விளைவு மட்டும் அவர் தலையில் முழுதாக விழுகிறது. ஆசிரியர் கடன் தள்ளுபடித் திட்டத்துக்கும் இதே நோய் உண்டு. அங்கே ஏழைப் பள்ளியில் தொடர்ந்து ஐந்து முழு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். முடித்தால் உயர்நிலைப் பள்ளிக் கணித, அறிவியல் ஆசிரியருக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும் 17,500 டாலர் வரை, மற்றவர்களுக்கு 5,000 டாலர் வரை தள்ளுபடி. நான்காம் ஆண்டில் விலகினால் எதுவுமில்லை.

இதைவிட நல்ல வழி அமெரிக்காவுக்குத் தெரியாதா என்றால், 1958லேயே தெரிந்திருந்தது. சோவியத் ஒன்றியம் முந்தைய ஆண்டு ஸ்புட்னிக்கை ஏவிய அதிர்ச்சியில் வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், மாணவர்களுக்கு 3 சதவீத வட்டியில் கடன் கொடுத்தது. வாங்கியவர் அரசுப் பள்ளியில் ஆசிரியரானால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 சதவீதம் கழித்து, ஐந்து ஆண்டுகளில் பாதிக் கடனை ரத்து செய்தது. மூன்று ஆண்டு வேலை பார்த்தவருக்குப் பத்தில் மூன்று பங்கு கழிந்தது; மீதியைத்தான் அவர் கட்டினார். பின்னாளில் பெர்கின்ஸ் கடன் என்று பெயர் மாறியபோது, ஏழைப் பள்ளி ஆசிரியர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் தலா 15, அடுத்த இரண்டில் தலா 20, ஐந்தாம் ஆண்டில் 30 என்று முழுக் கடனும் படிப்படியாகக் கழிந்தது. போகப் போகக் கழிவு கூடியதால், தொடர்ந்து இருப்பதற்கும் அதிலேயே ஒரு தூண்டுதல் இருந்தது. அதே 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர்களைக் கோடைக்காலப் பயிற்சி நிறுவனங்களுக்கு அழைத்துப் படிக்க வைத்தது. படிக்கும் காலத்தில் வாரம் 75 டாலரும், அவரை நம்பியிருக்கும் ஒவ்வொருவருக்கும் 15 டாலரும் கையில் கொடுத்தது. படிக்க வரும் ஆசிரியருக்கு வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்கு நினைவிருந்திருக்கிறது. பெர்கின்ஸ் கடன் வழங்குவது 2017 செப்டம்பரோடு நின்றுபோனது. நல்ல முறை ஓய்வு பெற்றது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்னும் முறை பணியில் தொடர்கிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. பொதுப்பணத்தை நிபந்தனையின்றி வாரி இறைக்க முடியுமா? படித்துவிட்டுத் தனியார் நிறுவனத்துக்குப் போய்விட்டால் யாருக்கு நட்டம்? நிபந்தனை வேண்டும், அதில் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் கழிக்கும் முறையும் நிபந்தனைதான். வேலை பார்க்காத காலத்துக்கான பணம் அரசுக்குத் திரும்பி வரும். பார்த்த காலத்துக்கானது ஆசிரியரிடம் தங்கும். நட்டம் யாருக்கும் இல்லை. இன்றைய முறையிலோ, மூன்றரை ஆண்டு உழைப்பையும் வாங்கிக்கொண்டு, கொடுத்ததையும் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொள்கிறது அரசு. இரண்டாவது மறுப்பு, படித்தவர்கள்தானே, ஒப்பந்தத்தை வாசித்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள் என்பது. இதற்கு அதே 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்ற இன்னொரு பிள்ளையே பதில் சொல்கிறது. பொதுச் சேவையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி என்ற திட்டத்தில் 2018 ஜூன் வரை சுமார் 28,000 பேர் விண்ணப்பித்தார்கள். தள்ளுபடி கிடைத்தது 96 பேருக்கு. 2021ல் தற்காலிகமாக விதிகளைத் தளர்த்தி, பழைய தவணைகளை மறுபடி எண்ணத் தொடங்கியதும், 2024 அக்டோபருக்குள் பயன்பெற்றோர் 10 லட்சத்தைத் தாண்டினர். இடைப்பட்ட காலத்தில் ஆசிரியர்களும் செவிலியர்களும் திடீரென்று வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. மாறியது விதிதான்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. ஆசிரியர் முதுகலை படிப்பதால் மாணவர் கூடுதலாகக் கற்கிறாரா? பெரும்பாலான ஆய்வுகள், சராசரியாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே சொல்கின்றன. இதைச் சுட்டிக்காட்டித்தான் வட கரோலினா 2013ல் புதிதாக முதுகலை முடிப்போருக்கான ஊதிய உயர்வை நிறுத்தும் சட்டத்தை இயற்றியது. இந்த ஆய்வுகளைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அதே ஆய்வுகளுக்குள் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: கணித ஆசிரியர் கணிதத்திலேயே மேற்படிப்பு முடித்திருந்தால், அவருடைய மாணவர்களிடம் அதன் பலன் தெரிகிறது. அப்படியென்றால் ஆய்வுகள் குறை சொல்வது ஆசிரியரின் மேற்படிப்பையே அல்ல. எந்தப் பட்டமானாலும் சரி, முடித்து வந்தால் சம்பளத்தைக் கூட்டுகிறோம் என்ற ஊதிய அட்டவணையை. முதுகலைக்கான இந்தக் கூடுதல் ஊதியத்துக்கு மட்டும் 2007-08ல் அமெரிக்கா முழுவதும் 1,480 கோடி டாலர் செலவானதாக ஒரு மதிப்பீடு உண்டு. ஆகப் பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. படிப்பு முடிந்தபின், பாடம் பார்க்காமல் செலவாகிறது. அதில் ஒரு பகுதியை முன்னால் கொண்டுவந்து, கற்பிக்கும் பாடத்தில் ஆழமாகப் படிப்பவருக்குப் படிக்கும்போதே கொடுப்பதுதான் ஆய்வுகள் காட்டும் திசை. அந்த வகையில் டீச் கிராண்ட் பாடங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது சரியே. கையெழுத்து வாங்கிய பிறகு கணக்குப் பார்க்கும் விதத்தில்தான் அது சறுக்குகிறது.

இந்தக் கேள்வி இப்போது அவசரமாகிவிட்டது. 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், மேற்படிப்புக்கான ‘கிராட் பிளஸ்’ கடனை 2026 ஜூலை முதல் புதியவர்களுக்கு மூடுகிறது. இனி மேற்படிப்பு மாணவர் அரசிடம் ஆண்டுக்கு 20,500 டாலரும் மொத்தமாக ஒரு லட்சம் டாலரும்தான் கடன் பெறலாம். தொழில்முறைப் பட்டங்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 50,000 டாலர். கல்வித் துறை 2025 இறுதியில் முன்வைத்த வரையறையில் மருத்துவம், சட்டம், மருந்தியல், ஏன், இறையியல்கூடத் தொழில்முறைப் பட்டம். ஆசிரியருக்கான கல்வியியல் பட்டம் அல்ல. கடன் சுருங்கினால் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைக் குறைக்கும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். குறைந்தால் நல்லதே, ஓராண்டுக் கட்டணம் 20,500 டாலருக்குள் அடங்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவரை இந்த வரம்பு பெரிதாகத் தொடாது என்பதும் உண்மை. ஆனால் கடனின் பக்கம் கதவு ஒடுங்கும்போது உதவியின் பக்கம் கதவு அகல வேண்டாமா? 2007ல் நிர்ணயித்த 4,000 டாலர் இன்றுவரை உயரவே இல்லை. செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வெட்டு போக, கைக்கு வருவது 3,772 டாலர்தான்.

எனவே அங்கே முதுகலை படிக்க நினைக்கும் ஆசிரியர் உதவியைத் தேடும் வரிசை முக்கியம். முதலில் தன் பள்ளி மாவட்டம், அடுத்து மாநில அரசு, பிறகு தன் பாடத்துக்கான நல்கைகள். டீச் கிராண்டைக் கடைசியில் தொட வேண்டும். அப்போதும் அதை உதவி என்று எண்ணாமல், கடனாக மாறினால் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டே தொட வேண்டும். ஒவ்வோர் உதவியின் முன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாதி வழியில் நின்றுவிட்டால், நடந்த தூரத்துக்கு மதிப்பு உண்டா? மேடிசன் நல்கைக்கும் நிபந்தனை இருக்கிறது; ஆனால் உதவி பெற்றுப் படித்த ஓராண்டுக்கு ஓராண்டு கற்பிக்க வேண்டும் என்று கடமையை ஆண்டுக் கணக்கில் அளக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் கடனையே ஆண்டுக் கணக்கில் கழித்தது. அளவுகோல் ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருந்ததுதான். டீச் கிராண்டின் நான்கு ஆண்டுகளுக்கும் ஆண்டுக்குக் கால் பங்கு என்று அதை எழுதிவிட்டால் போதும்.

(தொடரும்)