கரணை இல்லாத வாத்தியம்

சென்ற ஐப்பசியில், அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், புதுச்சேரி உழவர்கரையில் வில்லியனூர்ச் சாலையிலிருந்து பிரியும் குறுகலான தெரு ஒன்றில் மாடி கட்டிக் குடியேறியிருந்த நண்பர் ஒருவர், ஓய்வூதியப் பணத்தில் கணிசமான பகுதியைச் செலவிட்டுத் தாம் வாங்கியிருந்த ஹோம் தியேட்டரை ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்று அழைத்திருந்தார். பதினைந்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட அறை. தரையெல்லாம் முகம் பார்க்கும்படி வழவழக்கும் டைல்ஸ். வெறும் சிமெண்டுச் சுவர்கள். மூலைக்கொன்றாக நான்கும், திரைக்குக் கீழே ஒன்றுமாக ஐந்து ஸ்பீக்கர்கள். கீழ்ஸ்தாயிச் சப்தங்களுக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபர். அறையின் நட்டநடுவே, ராஜ சிம்மாசனம்போல, ஒரு சோபா.

படத்தில் புயற்காட்சி ஒன்று வந்தது. மின்னல் வெட்டியது, மழையின் சலசலப்பு நான்கு பக்கமும் கேட்டது, ஆனால் இடி மட்டும் பக்கத்து ஊரில் இடித்ததுபோல் சப்பென்று போய்விட்டது. தண்ணீர் குடிக்க எழுந்து கதவோரத்து மூலைப் பக்கம் போனேன். அங்கே அதே இடி, அலமாரியிலிருந்த டம்ளர்கள் கலகலக்கும்படி முழங்கிக்கொண்டிருந்தது.

“பெட்டியில் ஏதோ கோளாறு, சார். கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?” என்றார் நண்பர்.

பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை. கோளாறு அறையில் இருந்தது.

அறைக்கும் ஊஞ்சலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கூடத்து ஊஞ்சலுக்கு இயல்பான ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்திற்கு இசையத் தள்ளினால் சுண்டுவிரலாலும் அதை விட்டத்தளவுக்கு ஏற்றிவிடலாம். இசையாமல் தள்ளினால் பயில்வானாலும் முடியாது. மூடிய அறையிலுள்ள காற்றும் இத்தகையதே. நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர், அதாவது 1,145 அடி, செல்கிறது. எனவே வினாடிக்கு 38 முறை அதிரும் கனத்த சப்தத்தின் அலைநீளம் முப்பதடி, நண்பருடைய அறையின் நீளத்தைப்போல் சரியாக இரு மடங்கு. அந்தச் சப்தம் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே போய்மோதித் திரும்பும்போது, போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இருந்த இடத்திலேயே நின்று துடிக்கும் ஒரு நிலையலையாக உருக்கொள்கின்றன. சுவரோரங்களில் அழுத்தம் உச்சமாகவும், அறையின் மத்தியில் அடியோடு சூன்யமாகவும் இருப்பது அந்த நிலையலையின் லட்சணம். அகலத்திற்கு 48 ஹெர்ட்ஸ், உயரத்திற்கு 57 ஹெர்ட்ஸ் என்று இன்னும் இரண்டு உண்டு. இவற்றின் மடங்குகளும் கலப்புகளும் மேலே அநேகம். நம் நண்பரோ நீளத்திற்கும் நடு, அகலத்திற்கும் நடு என்று தேடிப்பிடித்ததுபோல், இரண்டு சூன்யங்களும் சந்திக்கும் ஸ்தானத்தில் சோபாவைப் போட்டிருந்தார். மூலையில் எல்லா உச்சங்களும் கூடுகின்றன. இடி அங்கே குடியிருந்ததில் வியப்பில்லை.

மிருதங்கத்தைப்பற்றி சர் சி. வி. ராமன் கண்டறிந்த ஓர் உண்மை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. வெறும் தோலை இழுத்துக் கட்டிய முரசில் எழும் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று சுருதி சேராத கூட்டம். வலந்தலையின் நடுவே அப்பியிருக்கும் கரணைதான், தோலின் பாரத்தை இடத்திற்கேற்ப மாற்றி, அந்தக் கட்டுக்கடங்காத கூட்டத்தை ஒழுங்கான சுரவரிசைக்குள் கொண்டுவருகிறது என்று 1920-ஆம் ஆண்டில், கல்கத்தாவில் தம்முடன் ஆராய்ந்த சிவகாளி குமாருடன் சேர்ந்து, ‘நேச்சர்’ பத்திரிகையில் அவர் எழுதினார். நாம் வசிக்கும் அறை ஒவ்வொன்றும் கரணை பூசாத ஒரு வாத்தியம். நாம் எந்த ஸ்பீக்கரை அங்கே கொண்டுவந்து வைத்தாலும், கீழ்ஸ்தாயியில் நம் காதுக்கு எட்டுவது பாதி ஸ்பீக்கரின் குரல், மீதிப் பாதி அறையின் குரல்.

அறையின் குரலை முதன்முதலில் கணக்கிற்குள் கொண்டுவந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-இல், அங்கே புதிதாகக் கட்டிய ஒரு பிரசங்க மண்டபத்தில் சொன்ன சொல் ஐந்தரை வினாடி அடங்காமல் ஒலித்துக்கொண்டிருந்ததால் மாணவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று முறையீடு எழுந்தபோது, பரிகாரம் காணும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் நள்ளிரவுக்குமேல், ஊர் உறங்கியபின், பக்கத்து நாடக அரங்கிலிருந்து மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்புவதும், ஓர் ஆர்கன் குழலை ஒலித்து அது அடங்கும் காலத்தைக் கடிகாரத்தில் அளப்பதும், விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவதுமாகப் பல இரவுகளைக் கழித்தார். அவ்வாறு பிறந்த சூத்திரத்தின் சாரம், அறையின் கொள்ளளவு பெருகினால் ஒலி நீடிக்கும், அதை உறிஞ்சும் பரப்பு பெருகினால் குறுகும் என்பதே. உறிஞ்சுதலுக்கு அவர் வைத்த அளவுகோல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராதல்லவா!

இதைப் படித்த நாள்முதல் நம் பழைய வீடுகளின்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. புதுச்சேரித் தமிழர் தெருக்களில் இன்னும் எஞ்சியிருக்கும் திண்ணை வீடுகளில், தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துத் தளமிட்ட கூடத்தின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று இருக்கும். சபைனின் கணக்கில் அது நூறு, இருநூறு சதுர அடித் திறந்த ஜன்னல். அங்கே யாராவது வீணை வாசித்தால் சுரம் சுரமாகக் காதில் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். நண்பரின் அறையிலோ, சாமான்கள் ஏற்றுமுன் கணக்கிட்டால், கைதட்டிய ஓசை அடங்க மூன்று வினாடிக்கு மேலாகும். கிருகப்பிரவேசத்தன்று காலி வீட்டில் நாம் பேசுவது நமக்கே அந்நியமாகக் கேட்கிறதே, அது இதுதான்.

இனி யந்திரத்திற்கு வருவோம். ஸ்பீக்கர்களை இயக்கும் இக்காலத்து ரிசீவர்களில் பெரும்பாலானவை, அறையை அளந்து தாமாகவே திருத்திக்கொள்ளும் வித்தை ஒன்றைக் கற்று வருகின்றன. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஆடிசி, ஸ்வீடனிலிருந்து வந்த டிராக், யமஹாவின் ஒய்.பி.ஏ.ஓ. என்று பெயர்கள் பல. வேலை ஏறக்குறைய ஒன்றே. சிறு மைக் ஒன்றை நாம் அமரும் இடத்தில், காது உயரத்தில் வைத்துவிட்டு விலகிக்கொண்டால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் முறை வரும்போது சோதனை ஒலி எழுப்புகிறது; பல யந்திரங்களில் அது அடிவயிற்று உறுமலில் தொடங்கி விசிலாக முடியும் ஒரு நெடிய ஊளை. யந்திரம் தான் அனுப்பியதையும் மைக் கேட்டதையும் ஒப்பிட்டு, எந்தச் சுரத்தை அறை மிகையாக்கிற்று, எதை விழுங்கிற்று என்று பிரித்தறிகிறது. எத்தகைய சிக்கலான அதிர்வையும் எளிய அலைகளின் கூட்டாகப் பகுக்கலாம் என்னும் இந்த உபாயத்தை உலகிற்குத் தந்தவர், 1822-இல் வெப்பத்தைப்பற்றி நூல் எழுதிய பிரெஞ்சுக் கணித மேதை ஜோசப் ஃபூரியே. அந்நூல் வெளியானபோது நம் ஊரும் பிரெஞ்சுக் கொடியின்கீழ்தான் இருந்தது. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு கழித்து அந்த உபாயம் உழவர்கரையின் மாடியறையில் பயன்படும் என்று எவரும் கனவு கண்டிருக்க முடியாது.

யந்திரம் அடுத்தபடியாக அளப்பது தூரம். ஒலி புறப்பட்ட கணத்திற்கும் மைக்கை அடைந்த கணத்திற்கும் உள்ள இடைவெளியைக்கொண்டு, அருகிலுள்ள ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதிக்கச் செய்து, எல்லாம் ஒரே கணத்தில் காதில் விழும்படி ஒழுங்கு செய்கிறது. இதே காரியத்தைப் பெரிய அளவில், வேறு நோக்கத்தோடு, சென்னையில் செய்தவர் ஒருவர் உண்டு. கும்பினியாரின் வானசாஸ்திரியாக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1820, 1821-ஆம் ஆண்டுகளில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் வெடித்த பீரங்கிகளின் ஒளியைக் கண்டதற்கும் ஓசையைக் கேட்டதற்கும் இடையிலுள்ள வினாடிகளை எண்ணி, வெப்பம், ஈரம், காற்றின் போக்கு ஆகியவற்றோடு சேர்த்துக் குறித்து வைத்தார். மாதத்திற்கு மாதம் ஒலியின் வேகம் மாறுகிறது என்பது அந்தக் குறிப்புகளில் தெரிந்தது. அப்படியானால் மார்கழியில் அளந்த ஹோம் தியேட்டர் சித்திரையில் பிசகிவிடுமோ என்று அஞ்சவேண்டாம். பத்து டிகிரி வெப்ப வித்தியாசத்தில், நான்கு மீட்டர் தூரத்திற்கு நேரும் மாறுதல் வினாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான்.

ஆனால் இந்தத் தூரக் கணக்கில் எல்லோரும் இடறும் இடம் ஒன்றுண்டு. நண்பரும் இடறினார். டேப் வைத்து அளந்தால் சப்வூஃபர் எட்டடியில் இருக்க, யந்திரம் பதினான்கடி என்று காட்டியது. தவறென்று எண்ணி அவர் தம் கையாலேயே எட்டு என்று திருத்திவிட்டார். சப்வூஃபரின் உள்ளே இருக்கும் வடிகட்டிகள் சப்தத்தைச் சிறிது தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதத்தையும் யந்திரம் தூரமாகவே எண்ணிக் கூட்டிச் சொல்கிறது. அந்த எண்ணை மட்டும் மாற்றவே கூடாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்வூஃபருக்கும் மேலுள்ளதை மற்றவற்றுக்கும் பகிர்ந்துகொடுப்பது வழக்கம்; எண்ணைக் கெடுத்துவிட்டால் அந்த எல்லையில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அளந்தது அவர் செய்த இரண்டாவது பிழை; மின்விசிறியை ஓடவிட்டது மூன்றாவது.

இவ்வளவும் செய்யும் யந்திரத்தால் செய்யமுடியாததும் உண்டு என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. அறை மிகையாக்கும் சுரத்தை அது குறைத்துவிடும். அதில் அதற்கு நிகரில்லை. ஆனால் சூன்யத்தை நிரப்ப அதனால் ஆகாது. சூன்யம் என்பது இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம். நீங்கள் நேரலையை உரக்கச் செய்தால் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் அதே அளவு உரத்து வந்து மீண்டும் அழித்துவிடும். அடியற்ற குடத்தில் நீர் இறைக்கும் வேலை. மூன்று டெசிபல் கூட்டினாலே சக்தி இரு மடங்கு, பத்துக் கூட்டினால் பத்து மடங்கு வேண்டும். காதுக்கு ஒன்றும் வராது, சப்வூஃபரின் சுருள் மட்டும் சூடேறும். அன்றியும் யந்திரம் அளந்தது சோபாவை. அறைக் கோடியிலுள்ள நாற்காலியில் அமர்ந்திருக்கும் வீட்டு அம்மாளுக்கு அந்தத் திருத்தம் உபகாரமாகவும் இருக்கலாம், உபத்திரவமாகவும் இருக்கலாம்.

ஆகவே முதலில் கைவேலை, பிறகுதான் யந்திரம். சோபாவை இரண்டரை அடி பின்னுக்குத் தள்ளினோம். முன்சுவரிலிருந்து பத்தடி, அதாவது அறை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு: அங்கே நீளத்திற்குரிய முதல் நிலையலையும் உச்சத்தில் பாதி, இரண்டாவதும் பாதி, எதுவும் சூன்யமில்லை. சப்வூஃபருக்கு இடம் பார்க்கும் முறை சற்று வேடிக்கையானது. பெட்டியைத் தூக்கி, நாம் அமரும் சோபாவின்மேல் உட்காரவைத்து, ஒரே தாளத்தில் அடிக்கும் கனத்த இசை ஒன்றை ஓடவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து சுவரோரமாகச் சுற்றிவர வேண்டும். எங்கே அது தெளிவாகவும் சீராகவும் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், சோபாவிலும் அவ்வாறே கேட்கும். அறுபது வயதைக் கடந்த நண்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ, அவருடைய பேத்தி அதை விளையாட்டென்று கருதிப் பின்னாலேயே தவழ்ந்தாள். பணமிருப்பவர் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே ஒன்றுக்கு இரண்டாகச் சப்வூஃபர் வைக்கலாம். ஊஞ்சலின் இரு பக்கமும் நின்று இருவர் ஒரே சமயத்தில் தள்ளினால் அது அசையாமல் நிற்பதுபோல், நீளத்திற்குரிய அந்த முதல் நிலையலை எழாமலே போகும். 2002-இல் டாட் வெல்டி என்னும் பொறியாளர் பல அமைப்புகளை ஒப்பிட்டு இதை எழுதியிருக்கிறார்.

சுவரில் முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டும் வழக்கத்தைப்பற்றி ஒரு வார்த்தை. பணமும் அழகும் இரண்டும் வீண். 40 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே ஏழடி. விரற்கடை அட்டை அதை என்ன செய்யும்? பேச்சின் கூர்மையைக் கெடுக்கும் மேல்ஸ்தாயி எதிரொலிகளுக்குக் கனத்த திரைச்சீலையும் ஜமுக்காளமும் போதும். பரணில் கிடந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைப் பின்சுவரில், திரைக்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். சபைன் ஹார்வர்டில் சுமந்தது வேறு பஞ்சாக இருக்கலாம், நியாயம் ஒன்றுதான்.

அதன்பிறகு மைக்கை முக்காலியில் நிறுத்தி, விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, தெருவில் பேருந்து ஓய்ந்த நேரம் பார்த்து மறுபடி அளந்தோம். முன்பு பன்னிரண்டு டெசிபல் மேடும் பள்ளமுமாக இருந்த கோடு இப்போது பாதியாகத் தணிந்திருந்தது. யந்திரம் திருத்தவேண்டியது கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. புயற்காட்சியை மீண்டும் போட்டார். இடி சோபாவிலேயே இடித்தது. கீழ்வீட்டுக்காரர் மறுநாள் விசாரித்தாராம். கனத்த சப்தம் சுவரைத் துளைத்துச் செல்லும், இரவு பத்து மணிக்குமேல் சப்வூஃபரைத் தணிப்பதுதான் சட்டத்திற்கும் அயலாருக்கும் செய்யும் மரியாதை.

அளவெடுத்தது மழைக்காலத்தில், ஜன்னல் சாத்திய அறையில். கோடையில் கடற்காற்றுக்காக ஜன்னல்களைத் திறந்துவைத்துக் கேட்பவர், அதற்கென்று தனியாக ஒருமுறை மைக்கை எடுத்துவைத்து அளந்துகொள்ள வேண்டும்.