அடுப்புச் சட்டத்தில் செய்த கிட்டார்

லண்டனின் மேற்கு ஓரத்தில் ஃபெல்தம் என்று ஓர் ஊர். 1963 ஆகஸ்டில் அங்கே 16 வயதுப் பையன் ஒருவனுக்கு மின்கிட்டார் மீது தீராத ஆசை. கடையில் இருந்த கிட்டார்களை வாங்க வீட்டில் வசதியில்லை. அப்பா ஹரால்டு மின்னணுவியல் தெரிந்தவர், மரவேலையும் கைவந்தவர். அப்பாவும் பிள்ளையுமாக ஒரு கிட்டாரைச் செய்யவே இறங்கிவிட்டார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் ‘குயின்’ ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞரான பிரையன் மே.

வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆயிற்று. கழுத்துப் பகுதிக்குக் கிடைத்தது, யாரோ வேண்டாமென்று கழித்த பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். நல்ல மகோகனி மரம்தான், ஆனால் புழு துளைத்திருந்தது. அந்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். உடலின் நடுக்கட்டை பழைய மேசையிலிருந்து வந்த ஓக் மரம். விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

கிட்டாரின் அடியில் அழுத்துகோல் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய சுருதிக்கே திரும்ப வேண்டும். இது சுலபமில்லை. ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்துக்கொண்டிருக்கும். சுழலும் இடத்தில் கொஞ்சம் உராய்வு இருந்தாலும் கோல் முழுதாகத் திரும்பாது, சுருதி பிசகும். அதனால் பிரையன் அந்தப் பகுதியை ஒரு கத்தி முனையின்மேல் நிறுத்தினார். முனை மெல்லிய கோடாக மட்டுமே தொடுவதால் உராய்வு மிகக் குறைவு. கம்பிகளின் இழுப்பைச் சமன் செய்ய, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வு சுருள்வில்கள்!

மின்கிட்டாரில் ஒலியைப் பிடிப்பது ‘பிக்கப்’. காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிய சுருள் அது. அதன் மேலே எஃகுக் கம்பி நொடிக்கு 110 முறை அதிர்ந்தால், சுருளில் ஓடும் மின்சாரமும் நொடிக்கு 110 முறை ஏறி இறங்கும். பள்ளியில் படிக்கும் மின்காந்தத் தூண்டல் இதுதான். முதலில் பிரையன் தானே பிக்கப் சுற்றிப் பார்த்தார். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கும்போது ஒலி சரியாக வரவில்லை. பிறகு பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகள் மூன்றை வாங்கிப் பொருத்தினார்.

ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனியாக ஒரு ‘கட்டம் மாற்றும்’ பொத்தான் வைத்தார். என்னைக் கேட்டால், அந்தக் கிட்டாரிலேயே அழகான யோசனை இதுதான். பொத்தானைத் தள்ளினால் அந்தப் பிக்கப்பின் மின் அலை தலைகீழாகும்: முகடு இருந்த இடத்தில் அகடு. இப்போது இரண்டு பிக்கப்புகளின் அலைகளைச் சேர்த்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சில வலுக்கும். மூன்று பிக்கப்பும் கம்பியின் வேறுவேறு இடங்களுக்குக் கீழே இருப்பதால், எந்த இரண்டைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒலியின் நிறம் மாறும். அலைகளின் இந்தக் கூட்டல் கழித்தலுக்குக் குறுக்கீட்டு விளைவு என்று பெயர்.

அதே விளைவுதான் அவரை வானத்துக்கும் கொண்டுபோனது. பிரையன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்து 1968-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நண்பர்களோடு ‘ஸ்மைல்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். 1970-இல் ‘குயின்’ பிறந்தது. கூடவே முனைவர் ஆய்வும் நடந்தது. சூரியனைச் சுற்றிக் கோள்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் தூசிதான் அவருடைய பொருள். அந்தத் தூசி எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக ஓடுகிறது?

ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவின் மலைமேல் உள்ள வான் ஆய்வகத்தில் அவர் இதை அளந்தார். ரயில் நம்மை நெருங்கும்போது அதன் ஹாரன் ஒலி உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? தூசியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியிலும் அப்படி ஒரு மாற்றம் உண்டு. அதுவே டாப்ளர் விளைவு. மாற்றம் மிகச் சிறியது. அதைப் பிடிக்க அவர் பயன்படுத்திய ஃபேப்ரி-பெரோ கருவி, ஒளி அலைகளை ஒன்றோடொன்று சேர்த்தும் அழித்தும் வேலை செய்கிறது. கிட்டார் பொத்தான் செய்வதும் இதையே!

1974-இல் இசைக்குழுவின் புகழ் ஏறவே, ஆய்வை நிறுத்தினார். இயற்பியல் அவரை விடவில்லை. 1975-இல் ‘39’ என்ற பாட்டை எழுதி, முதன்மைக் குரலாகத் தானே பாடினார். விண்வெளிப் பயணிகளுக்கு ஓராண்டு கழிகிறது. அவர்கள் திரும்பும்போது பூமியில் நூறாண்டு ஓடியிருக்கிறது. வேகமாகச் செல்பவருக்குக் காலம் மெதுவாக நகரும் என்ற ஐன்ஸ்டைனின் கருத்திலிருந்து பிறந்த கதை அது. நிறுத்திய ஆய்வை 2007-இல் தன் 60-வது வயதில் எழுதி முடித்து, முனைவர் ஆனார்.

அந்தத் தூசியை நீங்களும் பார்க்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் நிலா இல்லாத நாளாக, ஊர் வெளிச்சம் எட்டாத இடமாகப் பெரியவர்களோடு போங்கள். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்து மேற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து கூம்பு போல மங்கலான ஒளி மேலெழும். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். அதுவரை கைப்பேசித் திரையைப் பார்க்காதீர்கள்.