ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது நோயின் பெயரல்ல

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை பத்து விநாடி வெறித்துப் பார்க்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் இதற்கு 'கவனம் இல்லை' என்று பெயர். நரம்பியல் மருத்துவர் இதை 'ஆப்சென்ஸ்' வலிப்பு என்பார். கீழே விழுவதில்லை, கைகால் இழுப்பதில்லை, வாயில் நுரை வருவதில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பெரும்பாலும் நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்கும் இது, ஒரே நாளில் பல தடவை வரலாம். வரும்போதெல்லாம் கணக்கில் ஒரு படி, கதையில் ஒரு வரி அந்தப் பிள்ளைக்கு விட்டுப்போகும்.

பகற்கனவில் இருக்கும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்கும். வலிப்பில் இருக்கும் பிள்ளை பார்க்காது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்த ஆசிரியர் பெற்றோரை அழைத்துச் சொன்னால், இ.இ.ஜி. பரிசோதனையில் விஷயம் வெளிவரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்திலேயே கட்டுப்படும். தெரியாத ஆசிரியரிடம் அந்தப் பிள்ளைக்குத் திட்டுதான் மிஞ்சும்.

சட்டம் சொல்வதும் வகுப்பில் நடப்பதும்

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பள்ளியின் கடமையாகவே அந்தச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது.

கடமை வந்துவிட்டது. அதைச் செய்வதற்கான பயிற்சி அந்த அளவுக்கு வரவில்லை. இரண்டாண்டு பி.எட். படிப்பில் உள்ளடக்கிய கல்விக்கென்று ஒரு தாள் உண்டு. மனப்பாடம் செய்து எழுதித் தேறிவிடலாம். சிறப்பாசிரியர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள், இதற்கென்றே படித்தவர்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் தொடக்க வகுப்புகளில் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. நம் ஊர் நிலைமை வேறு. வட்டார வள மையத்திலிருந்து வரும் ஒரே சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் போய்வர வேண்டும், வீட்டோடு முடங்கிய குழந்தைகளையும் பார்க்க வேண்டும். அவர் வராத நாட்களில் பிள்ளை வகுப்பாசிரியரின் பொறுப்பு. ஆகவே பயிற்சி அவருக்குத்தான் முதலில் தேவை.

மண்டபத்தில் உட்காரவைத்து, 21 வகைக்கும் வரையறையைத் திரையில் காட்டி, தேநீர் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்புவதைப் பயிற்சி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அரைகுறையாகக் கேட்ட நோய்ப்பெயர் சில சமயம் தீங்கும் செய்யும். "உங்க பையனுக்கு ஆட்டிசம் மாதிரி இருக்கும்மா" என்று பள்ளி வாசலில் நின்று சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தின் தூக்கத்தையே கெடுத்துவிடும். பெயர் வைப்பது மருத்துவர் வேலை. பார்ப்பதும் குறித்துவைப்பதும் ஆசிரியர் வேலை.

தமிழ் எழுத்து தடுக்கும் இடங்கள்

டிஸ்லெக்சியா என்றாலே ஆங்கிலத்தில் 'பி'யையும் 'டி'யையும் இடம்வலம் மாற்றி எழுதுவதுதான் உதாரணமாக வருகிறது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் வேறு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஒலியிலோ ககரம்தான் முதலில். 'கொ'வில் ஒரே உயிரொலியின் குறி எழுத்துக்கு இரு பக்கமும் நிற்கிறது. கேட்கும் வரிசையும் எழுதும் வரிசையும் இப்படிப் பிரியும் இடத்தில் சில பிள்ளைகள் திணறிப்போவார்கள். அதோடு ல, ள, ழ, ர, ற, ந, ன, ண.

இந்தத் தவறுகளை எல்லாப் பிள்ளைகளும் செய்யும், பெரியவர்களும் செய்கிறோம். எழுத்து மனதில் படியவே காலம் ஆகும் என்பதால்தான் பொதுவாக எட்டு வயதுக்கு முன்னால் இந்தக் குறைபாட்டை உறுதிசெய்வதில்லை. மூன்றாம் வகுப்பு முடிந்தும் எழுத்துக்கூட்டியே படிக்கிறதா, ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறதா, வாயால் கேட்டால் மட்டும் பளிச்சென்று பதில் சொல்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இதற்கு முன்னால் காதையும் கண்ணையும் பார்த்துவிட வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் மந்தமாகிவிடும். முன்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் அசையாமல் இருக்கும். இது திமிர் என்று நினைக்கப்பட்டு அடி வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையைப் பத்துத் தடவை எழுதவைப்பதால் கை வலிக்கும், வேறு பலன் இல்லை. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லாமல் இருக்கலாம். அறிவியல் விடைத்தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருக்கலாம். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் கைவந்திருக்கிறது: 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தக்கபடி பாடம் நடத்துகிறார்கள். ஆண்டுக் கணக்கில் அரும்பிலேயே நிற்கும் பிள்ளைக்கு ஏன் அப்படி என்று கேட்பதுதான் பாக்கி. சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி தருகிறது.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது

"படிக்க மாட்டேன் என்கிறான்" என்று எழுதினால் மருத்துவருக்கு ஒரு பயனும் இல்லை. "கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி விட்டுப்போகிறது; புத்தகத்தைப் பார்த்து எழுதினால் சரியாக இருக்கிறது" என்று எழுதினால் முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்புவார். பார்த்ததை மட்டும், தேதி போட்டு, நேரம் போட்டு எழுத வேண்டும். அரசின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. அன்று இந்தக் குறிப்பேடு மேசைமேல் இருந்தால், மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கு யாரை அனுப்புவது என்ற முடிவு எளிதாகும்.

வலிப்பு வந்துவிட்டால்

கையில் சாவி கொடுப்பது இன்னும் நடக்கிறது. இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதையும் வைக்கக் கூடாது. கைகாலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. பக்கத்தில் உள்ள பெஞ்சை நகர்த்தி, தலைக்கு அடியில் பையையோ துணியையோ வைத்து, இழுப்பு தளர்ந்ததும் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே மறுபடி வந்தாலோ உடனே 108. மூக்கில் அடிக்கும் மருந்தை மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால், அது எங்கே இருக்கிறது என்று வகுப்பாசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு வகுப்பறை பார்த்து வருவதில்லை.

பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்வது

சிறப்பாசிரியர் வரும் நாளில் பிள்ளையைத் தனி அறைக்கு அழைத்துப் போவதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக அவர் வகுப்பிலேயே உட்காரட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மணியோசை தாங்கவில்லை என்றால், மணி அடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்து மேசையில் ஒட்டலாம். இதையெல்லாம் வகுப்பாசிரியர் அவர் பக்கத்தில் நின்று ஒரு தடவை செய்துபார்த்தால் கைவந்துவிடும். ஒரு மாதம் கழித்து இருவரும் உட்கார்ந்து எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பேச வேண்டும். செலவில்லாத பயிற்சி இது. தலைமையாசிரியர் பாடவேளையில் இடம் ஒதுக்கித் தந்தால் நடக்கும்.

பெற்றோருக்கு ஒன்று. கற்றல் குறைபாடு உறுதியான மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அவற்றைப் பெற மருத்துவச் சான்று வேண்டும், பள்ளி வழியாக விண்ணப்பமும் போக வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு வரை காத்திருக்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரைப் பார்த்துக் கேளுங்கள்.