குமரிமுனைக்கு நேர் தெற்கே

குமரிமுனைக்குச் செல்பவர்கள் காலையில் கிழக்கே நோக்கிச் சூரியோதயத்தைக் காண்கிறார்கள். மாலையில் மேற்கே நோக்கி அஸ்தமனத்தைக் காண்கிறார்கள். நேர் தெற்கே நோக்குவோர் மிகச் சிலரே. அங்கே என்ன இருக்கிறது, வெறும் தண்ணீர்தானே என்று திரும்பிவிடுகிறோம்.

அண்மையில் நாம் அங்கே சென்றிருந்தபோது, பூகோளப் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் நின்ற இடத்திலிருந்து தெற்கு நோக்கி விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தோம். குமரிமுனையின் தீர்க்கரேகை ஏறக்குறைய 77½ டிகிரி. அந்தக் கோடு பூமத்திய ரேகையைத் தாண்டி, சுமார் 5,100 கிலோமீட்டர் தூரம் சமுத்திரத்தைத் தவிர வேறொன்றையும் காணாமல் சென்று, ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்ற இரு சிறு தீவுகளைத் தொடுகிறது. அங்கே குடியிருக்கும் பறவைகளில் பெங்குவினும் ஒன்று. இன்னும் தெற்கே சென்றால், குமரியிலிருந்து சுமார் 8,600 கிலோமீட்டரில், அண்டார்க்டிகாவின் கரை வந்துவிடுகிறது. அவ்விடத்தில், கோட்டுக்குச் சற்றே மேற்காக, நமது தேசக் கொடி பறக்கும் ‘பாரதி’ ஆராய்ச்சி நிலையம் 2012-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அதிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள அமாண்டா விரிகுடாவில் ஆயிரக்கணக்கான சக்கரவர்த்திப் பெங்குவின்கள் கூடிக் குஞ்சு பொரிக்கின்றன.

ஆகவே, நாஞ்சில் நாட்டுக்குத் தென்திசையில் அயலார் யார் என்று கேட்டால், பெங்குவின்களே என்று தயங்காமல் பதில் சொல்லலாம்! அயலார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விசாரிப்பது நம் நாட்டு வழக்கமல்லவா? விசாரிப்போம்.

உறைந்த கடலே விளைநிலம்

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடல் குளிர்காலத்தில் உறைகிறது. செப்டம்பர் மாதத்தில் அந்தப் பனித்தளம் சுமார் 180 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும். அதாவது, பாரத நாட்டைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். பிப்ரவரியில் பெரும்பகுதி உருகிவிடும்.

இந்தப் பனியைப் பாழ்நிலம் என்று எண்ணுவது தவறு. அதன் அடிப்புறத்தில், மங்கிய வெளிச்சத்தில், நுண்ணிய பாசிகள் வளர்கின்றன. அந்தப் பாசியைச் சுரண்டித் தின்று, குளிர்காலத்தைக் கழிக்கின்றன ‘கிரில்’ என்னும் உயிரின் குஞ்சுகள். கிரில் என்பது நம் சந்தையில் விற்கும் கூனிக்குத் தமையன் போன்றது; நன்கு வளர்ந்தால் 6 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வசந்த காலத்தில் பனி உருகும்போது பாசிகள் நீரில் கலந்து பெருகுகின்றன. பனியின் ஓரம் முழுவதும் அறுவடைக் களமாகிவிடுகிறது. கிரிலைத் தேடி மீன்களும் சீல்களும் திமிங்கிலங்களும் பெங்குவின்களும் அங்கே வந்து கூடுகின்றன.

எனவே, பனி எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்தே உணவு எங்கே என்பது தீர்மானமாகிறது. வயலுக்குத் தண்ணீர் எப்படியோ, பெங்குவினுக்குப் பனி அப்படி.

அதிகமானாலும் துன்பம், குறைந்தாலும் துன்பம்

ஆனால், பனி இருந்தால் மட்டும் போதாது. கடலில் மீன் இருந்தால் போதாது, போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது நம் கடற்கரை மக்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமன்று. பெங்குவினுக்கும் அதே கணக்குத்தான்.

சக்கரவர்த்திப் பெங்குவின், கரையோடு ஒட்டி உறைந்த பனித்தளத்தின்மேல் கடும் குளிர்காலத்தில் முட்டையிடுகிறது. இட்டவுடன் தாய் கடலுக்குச் சென்றுவிடும். தந்தை அந்த ஒரே முட்டையைப் பாதங்களின்மேல் வைத்துக்கொண்டு, சுமார் 65 நாட்கள் அடைகாக்கிறது. துணை தேடி வந்த நாள் முதல் தாய் திரும்பும் நாள் வரையில் அது பட்டினி கிடக்கும் காலம் ஏறக்குறைய 115 நாட்கள். பிறகு இருவரும் மாறி மாறிக் கடலுக்குப் போய், 500 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில்கூட மூழ்கி, வயிற்றில் இரை கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். பனித்தளம் வெகுதூரம் நீண்டுவிட்டால் நடை நீளும். நடை நீண்டால் குஞ்சின் பசி நீளும்.

இதற்கு உருக்கமான சாட்சியம், பிரெஞ்சு விஞ்ஞானிகள் கவனித்துவந்த ஓர் அடேலிப் பெங்குவின் குடியிருப்பில் கிடைத்தது. 2016-17-ஆம் ஆண்டுப் பருவத்தில் கடற்பனி வழக்கத்துக்கு மாறாக உருகாமல் நெடுந்தூரம் நின்றுவிட்டது. இரை தேடிய பெற்றோர் வெகு தூரம் செல்ல நேர்ந்தது. 18,000-க்கு மேற்பட்ட ஜோடிகள் கூடு கட்டியிருந்த அவ்விடத்தில் பிழைத்த குஞ்சுகள் இரண்டே இரண்டு!

அப்படியானால் பனி குறைவது நல்லதா? அதே பருவத்தில், ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆராய்ந்த வேறொரு குடியிருப்பின் எதிரே கடல் பனியின்றித் திறந்திருந்தது. அங்கே அடேலிகள் நடப்பதை விட்டு நீந்திச் சென்று, விரைவில் இரை கொண்டுவந்தன. குஞ்சுகளும் கொழுத்து வளர்ந்தன. இதைக் கேட்டு மகிழ்வதற்குள் மற்றொரு செய்தி குறுக்கிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் பனித்தளம் முன்கூட்டியே உடைந்தது. அங்கிருந்த ஐந்து சக்கரவர்த்திக் குடியிருப்புகளில் நான்கில், நீர் புகாத இறகு முளைக்காத குஞ்சுகள் பிழைத்திருக்க வழியில்லை என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பனி நிலையாகக் குறைந்துபோனால் கிரில் குஞ்சுகளுக்கும் மேய்ச்சல் இராது.

இதிலிருந்து விளங்குவது, வேண்டியது அதிகப் பனியோ குறைந்த பனியோ அன்று. உரிய காலத்தில் உறைந்து, உரிய காலத்தில் விலகும் பனியே. ஆடியில் மழையும் தையில் வெயிலும் கேட்கும் நம் உழவனின் வேண்டுதலும் இதுதானே?

2023-ஆம் ஆண்டில் அண்டார்க்டிகக் கடற்பனி, கோடையிலும் குளிர்காலத்திலும், செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய பின் இல்லாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. காலம் தவறுகிறது என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

நம் கரையிலும் அதே பாடம்

நாஞ்சில் நாட்டுக் கடலில் பனி இல்லை. அதன் இடத்தில் காற்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேல்நீர் கரையை விட்டுத் தள்ளப்பட, கீழிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலெழுகிறது. அதில் நுண்பாசி பெருகுகிறது. பாசியை உண்ணச் சாளையும் நெத்திலியும் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து பெருமீன்களும் கடற்பறவைகளும் வருகின்றன. குமரிக்குத் தெற்கே கிடக்கும் ‘வாட்ஜ் பாங்க்’ என்ற கடலடி மேடை புகழ்பெற்ற மீன்வளம் கொண்டது. அதன்மீது பாரதத்துக்குள்ள உரிமையை 1976-ஆம் ஆண்டில் இலங்கையுடன் செய்துகொண்ட உடன்பாடு உறுதிசெய்தது. காற்று பிந்தினாலோ, கடல் வெப்பம் ஏறினாலோ, மீன் இடம் மாறுகிறது. முட்டத்திலும் குளச்சலிலும் படகுக்காரர்கள் அதிக எண்ணெய் எரித்து அதிக தூரம் ஓடவேண்டியிருக்கிறது. பனிமீது நெடுந்தூரம் நடக்கும் பெங்குவினுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

தென் துருவத்துக்கும் நமக்கும் நீர்வழிச் சொந்தமும் உண்டு. கடல் உறையும்போது உப்பு வெளியேறுவதால், அருகிலுள்ள நீர் கனத்து ஆழத்தில் இறங்குகிறது. பாரதி நிலையத்துக்கு மேற்கே டார்ன்லி முனையருகில் இது பெரிய அளவில் நடைபெறுகிறது. அப்படி இறங்கிய நீரில் ஒரு பகுதி வடக்கே ஊர்ந்து, இந்து மகா சமுத்திரத்தின் அடித்தளத்தில் பரவுகிறது. குமரியில் மேலெழும் நீர் அதுவன்று. அது அவ்வளவு ஆழமில்லாத நம் கடலின் நீரே. ஆயினும், சமுத்திரம் ஒன்றே என்பதை நினைவூட்ட இது போதும்.

தேசத்தின் கடமை

1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் பாரதக் குழு, டாக்டர் காசிம் தலைமையில் 1982 ஜனவரி 9-ஆம் தேதி அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. 1983-இல் நம் நாடு அண்டார்க்டிக உடன்படிக்கையில் சேர்ந்தது. அங்கே நிலம் பிடிப்பதற்காக அன்று, அறிவு தேடுவதற்காகவே போனோம் என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம். கிழக்கு அண்டார்க்டிகக் கடலின் ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக்கவேண்டும் என்ற யோசனைக்கு 2021-இல் நம் அரசாங்கம் ஆதரவளித்தது. ஆனால் அந்தச் சபையில் அங்க நாடுகள் அனைத்தும் ஒருமனதாக இசைந்தால்தான் எதுவும் நிறைவேறும். கிரிலை வலை போட்டு அள்ளும் தேசங்களும் அச்சபையில் இருக்கின்றன. அங்கே நம் குரல் ஓயாமல் ஒலிக்கவேண்டும்.

அவ்வாறு ஒலிப்பதற்கு முன், நம் சொந்தக் கரையை நாம் எப்படிக் காக்கிறோம் என்றும் உலகம் கேட்கும். வாட்ஜ் பாங்கையும், அதை நம்பி வாழும் குடும்பங்களையும் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கே பெங்குவினுக்காகப் பேசும் தகுதி உண்டு.

அடுத்த முறை குமரிமுனைக்குச் செல்லும் நேயர்கள், கிழக்கையும் மேற்கையும் பார்த்த பிறகு, ஒரு நிமிஷம் தெற்கேயும் பாருங்கள். கண்ணுக்கு எட்டாத அந்தக் கோட்டின் மறுமுனையில், பனியின்மேல் ஒரு தந்தை, காலடியில் முட்டையுடன், கடலுக்குப் போனவள் வரும் வழியைப் பார்த்து நிற்கிறது. இக்கரையிலும் அதேபோல் வழி பார்த்து நிற்கும் கண்கள் எத்தனையோ!