வயலிலே பாம்பு: பகை எது, துணை எது?

பாம்பைக் கண்டதும் தடி எடுப்பது கமக்காரர் பலரின் வழக்கம். அது நச்சுப் பாம்பா, நஞ்சற்றதா என்று பார்ப்பவர் சிலரே. இதனால் இருவகை நட்டம் விளைகின்றது. எலியைத் தின்று நெல்லைக் காக்கும் சாரை வீணே மடிகின்றது. அடிக்கச் சென்றவர் சிலவேளை தாமே கடியுண்கின்றார். 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் எனவும், ஏறக்குறைய 400 பேர் இறக்கின்றனர் எனவும் மதிப்பிட்டது.

அஞ்சத்தக்கவை

நெல்வயலிலே முதலில் அஞ்சவேண்டியது கண்ணாடி விரியன். இதனை முத்திரைப் புடையன் என்றும் கூறுவர். தடித்த கபில நிற உடலில், சங்கிலிபோன்ற கரும்புள்ளிகள் மூன்று வரிசையாக இருக்கும். சினந்தால் உரத்துச் சீறும். எலியைத் தேடி வந்து வரம்பிலும் வைக்கோலிலும் கிடக்கும்; மிதித்தவரின் காலிற் கடிக்கும். இதன் நஞ்சினால் இரத்தம் உறையாது, சிறுநீரகமும் பழுதடையும்.

கட்டு விரியன் கரிய பளபளப்பான உடலும் மெல்லிய வெண்பட்டிகளும் உடையது. இரவில் வீட்டினுட் புகுந்து, நிலத்திற் படுத்திருப்போரைக் கடிக்கும். நோவும் வீக்கமும் மிகக் குறைவாதலால் பலர் பொருட்படுத்தார். பின்னர் வயிறு நொந்து, கண்ணிமை சோர்ந்து, மூச்சும் தடைப்படும்.

நாகத்தை அதன் படத்தால் யாவரும் அறிவர். வறண்ட மணற்பாங்கான கரையோரங்களில் சுருட்டை விரியன் உண்டு. ஈரவலயத் தோட்டங்களில், உதிர்ந்த இலைகளின்கீழ்க் கோப்பி விரியன் கிடக்கும். இது கடித்து இறப்பவர் சிலரேயாயினும், இந்தியாவிலிருந்து தருவிக்கப்படும் விடமுறிவு மருந்து இதன் நஞ்சை முறிக்காது. ஆதலால் சருகினுள் வெறுங்கையை இடாதீர்கள்.

துணையானவை

சாரை நீண்டு மெலிந்த உடலும் பெரிய கண்ணும் உடையது. மனிதரைக் கண்டால் விரைந்தோடும், படம் விரிக்காது. சாரையும் நாகமும் பிணைகின்றன என்பது தவறு. அவ்வாறு முறுகி எழுவன, ஒன்றோடொன்று போட்டியிடும் இரண்டு ஆண் சாரைகளே. வாய்க்காலில் வாழும் தண்ணீர்ப் பாம்பு பிடித்தாற் கடிக்கும். ஆயினும் அதற்கு மனிதரைக் கொல்லும் நஞ்சில்லை. வெங்கணாந்திக் குட்டியையோ விரியன் என்றெண்ணி அடித்துவிடுகின்றனர். அடித்த சாரை வேலியிலே தொங்க, எலி வெட்டிய பயிர் அதே வயலிலே சாய்ந்து கிடப்பதை யாம் கண்டிருக்கின்றோம்.

எனினும், இனம் அறிவதற்காகப் பாம்பின் அருகே செல்லவேண்டாம். ஐயமாயின் விலகி நின்று, அதற்கு வழிவிடுங்கள்.

கடியாமற் காத்தல்

1. அறுவடையின்போதும் இரவில் நீர் பாய்ச்சும்போதும் நீண்ட சப்பாத்து அணிந்து, விளக்கும் தடியும் கொண்டு செல்லுங்கள்.
2. உப்பட்டியையும் வைக்கோலையும் தடியாற் புரட்டிய பின்னரே தூக்குங்கள். எலி வளையுள் கை விடாதீர்கள்.
3. கட்டிலில், நுளம்பு வலையினுள் உறங்குங்கள்.
4. நெல்லையும் விறகையும் படுக்குமிடத்தில் வையாதீர்கள். நெல்லுக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும்.

கடித்துவிட்டால்

கடியுண்டவரை அசையாது கிடத்தி, மோதிரம், காப்பு, கொலுசு முதலியவற்றைக் கழற்றுங்கள். கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகாது. கடித்த பாம்பைத் தேடிப் பிடிக்கவும் முயலாதீர்கள். வெட்டுண்ட தலையும் கடிக்கும். 1990 என்னும் இலக்கத்துடன் பேசினால் இலவச நோயாளர் வண்டி வரும். நோவில்லை என்று வீட்டிலே காத்திருக்கவேண்டாம். விடமுறிவு மருந்து வைத்தியசாலையிலேயே உண்டு. இழக்கும் ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு இடராகும்.

சாரையை வாழவிடுங்கள், விரியனுக்கு விலகி நில்லுங்கள். விளைவும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும்.